லீவர் மேல் பழி

நவ. 2, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆகவே காருக்கு அடியில் ஆயில். படகு இன்ஜினில் வடித்த பழைய ஆயில், அந்தோணி கொடுத்தது, ஒரு கேன். உப்புக்காற்று ஊர். அடிக்காமல் விட்டால் இரண்டு வருடத்தில் தகரம் கையோடு வரும். மனைவி சுதா தார்ப்பாயில் படுத்து ஸ்பிரே அடித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து டார்ச்சும் உத்தரவும். என் கால்கள் அதற்கெல்லாம் மடங்காது.

"ரப்பர்ல எல்லாம் ஆயில் படலாமாங்க?"

"உனக்கு என்னளா தெரியும்? ஒரு இடம் விடாம அடி."

வண்டியின் அடி மினுமினுவென்று. திருப்தி.

மாலை ஹார்பர் ரோட்டில் திருப்பும்போது முன்பக்கம் டக் டக். முதல் தடவை இல்லை.

நவ. 4, செவ்வாய்

ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கிறது. பெடலுக்கு என் கால் உதவாது, இடது கை லீவரில். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். ஸ்டீயரிங்குக்கு வலது கை ஒன்றுதான். மற்றவர்களுக்கு இது தொந்தரவு, எனக்கு வண்டியே இல்லாத மாதிரி.

உப்பளம் வளைவில் முழுதாகத் திரும்பவில்லை. லாரிக்கு எதிரே நின்றுவிட்டேன். டிரைவர் இறங்கி வந்து திட்ட வாயெடுத்தவர், பக்கத்து சீட்டில் ஊன்றுகோல்களைப் பார்த்ததும், "சரி சரி, பாத்துப் போங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

வாரண்டி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நல்லவேளை.

வாங்க: ரீஃபில், கால்வலி மாத்திரை, சுதாவுக்கு ஊக்கு.

நவ. 6, வியாழன்

சர்வீஸ் சென்டர். மேனேஜர் கதவைத் திறந்தார், லீவரைப் பார்த்தார், முடிந்தது.

"வெளியில மாடிஃபை பண்ணிருக்கீங்க சார். அதுவும் ஸ்டீயரிங் ராடுலயே. வாரண்டி கிடைக்காது."

ஒரு துளை போடவில்லை, கிளாம்ப்தான் என்றேன். ஆர்.டி.ஓ. பார்த்து ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியிருக்கிறது என்றேன்.

"ஆர்.டி.ஓ. வேற, வாரண்டி வேற சார். அதக் கழட்டிட்டு வண்டிய ஓட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

எதைக் கழற்றிவிட்டு எதை வைத்து ஓட்டிவருவது? கேட்டேவிட்டேன். அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் டீ சொன்னார். குடிக்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டு ஆட்டோவில் வந்தேன்.

அந்தோணிக்கு போன். மீன்பிடி துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கிறவர், லீவர் செய்து மாட்டியது அவர்தான். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். அவர்: "நம்ம வச்சதால கெட்டுப்போச்சுன்னு சொல்லுதானா அண்ணாச்சி? இன்னும் நாலு பேருக்கு மாட்டிக் குடுத்திருக்கேன். அவங்க நம்மள என்ன நினைப்பாங்க?"

நவ. 7, வெள்ளி

மச்சான் பைக்கில் ஆபீஸ். சுதாவின் தம்பி. ஊன்றுகோல் இரண்டும் என் மடியில் குறுக்கே. இறக்கிவிட்டு, "சாயங்காலம் எத்தன மணிக்கு வரணும் அத்தான்?" கார் வாங்கும் வரை தினமும் கேட்ட கேள்வி. தங்கமான பையன், கோபப்படவும் முடியாது. அவன் வரும்வரை கேட்டில் நின்றேன். ஒன்றரை மணி நேரம்.

வாரண்டி புத்தகம் முழுக்கப் படித்தேன். சரக்கு கிளியரிங் ஏஜென்சியில் நாள் பூராவும் இதுதானே என் வேலை. வெளியில் மாட்டிய பொருளால் வந்த பழுதுக்கு மட்டும்தான் வாரண்டி இல்லை. அப்படியானால் லீவரால் வந்தது என்று அவர்கள் காட்டட்டும்.

ஹார்பரில் கன்டெய்னருக்குள் சரக்கு கெட்டிருந்தால் யார் வாய்ப்பேச்சும் எடுபடாது. இரண்டு தரப்பும் நிற்க, திறந்து பார்த்து, காரணத்தை எழுதி, சீல் வைக்க வேண்டும். ஜாயின்ட் சர்வே. அதையே கேட்டு சர்வீஸ் சென்டருக்கு மெயில் போட்டேன். நான் நேரில் இருப்பேன், காரணம் எழுத்தில் வேண்டும், சீலும் வேண்டும்.

நவ. 11, செவ்வாய்

நல்ல மழை. பைக்கில் தொப்பலாக நனைந்தாயிற்று.

சர்வீஸ் சென்டருக்கு போன். 10.15: மீட்டிங்கில் இருக்கிறார். 12.40: சாப்பிடப் போயிருக்கிறார். 4.00: "எந்த வண்டி சார்? ஓ, அந்த லீவர் வண்டியா."

எனக்குப் பெயரே இல்லை போலிருக்கிறது. கத்திவிட்டேன். வியாழன் வரச் சொன்னார்கள்.

நவ. 13, வியாழன்

சர்வே. அந்தோணி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். என் காரின் அடிவயிற்றை முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மெக்கானிக் சாயர்புரத்துக்காரர். ஸ்டூலில் ஏறி லீவரை ஆட்டினார், கிளாம்பைத் தட்டினார், டார்ச் அடித்துப் பார்த்தார். "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல சார். வேல சுத்தமா இருக்கு." அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மேனேஜரிடம், "எழுதுங்க." எழுதினார்.

அப்புறம் மெக்கானிக் வண்டிக்குக் கீழே போய், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்கின் ரப்பர் உறையைத் தொட்டார். ஊறிப்போன அப்பளமாகக் கையோடு வந்தது. மணிக்கட்டு வரை கறுப்பு.

"அடியில ஆயில் அடிப்பியளோ?"

அந்தோணி கூரையைப் பார்த்தார்.

"மாசாமாசம்" என்றேன். என் வாயால்தான்.

ஆயிலில் ரப்பர் ஊறிக் கிழிந்து, அந்த வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போய், ராக் போய்விட்டது. மேனேஜர் சிரிக்கக்கூட இல்லை. இரண்டாவது வரியாக அதையும் எழுதினார். வாரண்டி கிடையாது. சீல் வைத்தார். சீல் கேட்டது நான்.

"ஊரே அடிக்குதே அண்ணாச்சி" என்றார் அந்தோணி. வண்டியை மெதுவாக அவரே ஓட்டிவந்து வாசலில் விட்டார். புது ராக் வரப் பத்து நாள், அவரே மாட்டித் தருகிறாராம். அதுவரை மச்சான் பைக்.

சுதா: "என்ன சொன்னாங்க?"

"லீவர்ல தப்பில்லன்னு எழுதி வாங்கிட்டேன்." தாளை மடித்து முதல் வரியை மட்டும் காட்டினேன். சந்தோஷப்பட்டாள்.

நவ. 16, ஞாயிறு

வெயில். துவைக்க எடுத்த சட்டைப்பையில் சுதாவுக்குத் தாள் கிடைத்துவிட்டது. மடிப்பைப் பிரித்து நின்றவாக்கில் இரண்டு வரியும் படித்தாள்.

"அன்னைக்கே கேட்டேன்லா, ரப்பர்ல படலாமான்னு."

"கேட்ட."

"என்ன சொன்னிய?"

"உனக்கு என்னளா தெரியும்னு சொன்னேன்."

கத்துவாள் என்று பார்த்தேன். தாளை என் மேஜையில் விரித்து வைத்துவிட்டுப் போனாள். சோப்புத் தண்ணீர் வாளி, பழைய துணி, தார்ப்பாய். காருக்கு அடியில் நுழைந்துவிட்டாள். நானும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பழக்கத்தில் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன்.

அடியிலிருந்து கறுத்த கை ஒன்று வெளியே நீண்டு இடம் காட்டியது. "இங்கன டார்ச் அடிங்க."

அடித்தேன்.