மிளகாய் ஜாடியில் ஒட்டிய படம்

இம்மோகலி, புளோரிடா
1997 ஜனவரி 12, ஞாயிறு

அன்புள்ள கோமாத்ரே இஸ்மேனிக்கு,

என் மகன் எலியாஸுக்கு நீ ஞானத்தாயாக நின்ற நாளிலிருந்து உன்னைக் கோமாத்ரே என்று கூப்பிடும் உரிமை எனக்கு வந்தது. மாதம் ஒரு கடிதம் எழுதும் கடமை உனக்கு வந்தது. என் உரிமையை நான் ஒழுங்காகப் பயன்படுத்துகிறேன். நீ மயாமிக்குப் போய் ஒன்றரை வருடம், வந்த கடிதங்கள் நான்கு. வயலில் நான் உனக்குக் கற்றுக்கொடுத்த ஸ்பானிஷில் பாதி கெட்ட வார்த்தை என்பது உண்மைதான். அவற்றைக் கொண்டே எழுது, புரிந்துகொள்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரர் கஸ்துலோவின் முதுகு மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நான் தக்காளி பறிப்பதை விட்டுவிட்டேன். டோர்ட்டியா ரொட்டிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து, பறிப்பவர்களுக்குச் சில்லறை கொடுக்கிறேன். உன் தம்பி ஒனேல் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான், வழக்கம்போல எங்கள் மிளகாயில் காரம் போதாது என்கிறான்.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். உங்கள் ஹெய்ட்டிக்காரர்களும் எங்கள் மெக்சிகோக்காரர்களும் ஒரே வயலில், ஒரே வாளிக்கு ஒரே கூலி வாங்கிக்கொண்டு, எப்படி வெவ்வேறு விதமாக ஏழைகளாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அவளுக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்களாம்.

"வீட்ல எத்தனை அறை?" என்றாள்.

"ரெண்டு. ஒண்ணுல நாங்க ஆறு பேரு. இன்னொண்ண நாலு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கோம்."

"ஓ, அப்ப வாடகை வருமானம் இருக்கு" என்று எழுதிக்கொண்டாள். அன்று முதல் நான் சொத்துக்காரி. மரியாதையாக எழுது.

ஒனேல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அம்மா, இதையும் எழுதிக்குங்க. இவங்ககிட்ட இங்க தங்கக் காகிதம் இல்ல, ஆனா ஊரெல்லாம் மச்சான் மாமன். எங்கிட்ட பச்சை அட்டை இருக்கு, காய்ச்சல்னு படுத்தா கஞ்சி குடுக்க ஒரு நாதியில்ல. ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு முழு ஏழை கிடைப்பான்."

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனாள்.

எலியாஸுக்கு மே மாதம் புதுநன்மை, முதல் முறை நற்கருணை வாங்கப் போகிறான். நீ வராவிட்டால் பாதிரியாரிடம் சொல்லிவிடுவேன்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
ஹசிந்தா


மயாமி
1997 பிப்ரவரி 9

அன்புள்ள ஹசிந்தா,

கோபிக்காதே. முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். பேனாவைத் தொடும்போது விரல் மரத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் முன்னேறிவிட்டார்கள் என்று உன் பல்கலைக்கழக அம்மாளிடம் சொல்: தக்காளியிலிருந்து கிழவர்களுக்கு வந்திருக்கிறோம். கூலி கொஞ்சம் கூடுதல். ஆனால் தக்காளி நம்மைத் திட்டாது.

யார் கஷ்டம் பெரிது என்ற போட்டிக்கு நான் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்களைத் திருப்பி அனுப்பினால் அடுத்த மாதம் நடந்தே வந்துவிடுகிறீர்கள். எங்களுக்கு நடுவில் கடல். எண்பத்தொன்றில் அந்தப் படகில் ஒன்பது நாள் ஒனேலின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு அப்போது பதினான்கு வயது. தூங்கும்போதும் விடவில்லை. கரையில் இறங்கியபோது காலர் மட்டும்தான் கையில் இருந்தது, சட்டை கிழிந்து போயிருந்தது.

உன்னிடம் மட்டும் ஒரு விஷயம். இங்கே தேவாலயத்தில் மதாம் கிளெர்வில் என்று ஒரு பெரிய மனுஷி. மகன் பல் வைத்தியர். முதல் நாளே, "உன் தம்பி என்னம்மா பண்றான்?" என்று கேட்டாள். என் வாய் தானாக, "தக்காளிக் கிடங்குல மேற்பார்வையாளர்" என்றது. சொன்னதற்கு ஏற்ப அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை அனுப்பியிருக்கிறேன். இங்கே வந்தால் அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல். காரணம் சொல்லாதே.

புதுநன்மைக்கு நிச்சயம் வருகிறேன்.

உன் கோமாத்ரே,
இஸ்மேனி


இம்மோகலி
1997 மார்ச் 23

அன்புள்ள கோமாத்ரே,

நீ ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாய். பன்னிரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை விடியுமுன் சைக்கிளில் பஸ் நிற்கும் திடலுக்குப் போன ஒனேலை ஒரு கார் அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போய்விட்டது. உனக்கு லீவு கிடைத்தது புதன்கிழமை. அதற்குள் நான் செய்ததைத்தான் நீ கடைக்குள் நுழைந்ததும் கண்டாய். மிளகாய் ஊறுகாய் வரும் பெரிய கண்ணாடி ஜாடி, அதில் ஒனேலின் படம், படத்தின் கீழே என் கையெழுத்தில்: "நம் ஒனேலை ஊருக்கு அனுப்பி வைப்போம்."

நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ, "இத எடு" என்றாய்.

"கோமாத்ரே, ரெண்டே நாள்ல இருநூறு பேரு போட்டிருக்காங்க..."

"என் தம்பி பிச்சைக்காரனா? எடுன்னா எடு. எல்லாரும் பாக்குறாங்க."

எல்லோரும் பார்க்கத்தானே வைப்பது? எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். எங்களில் ஒருவன் செத்தால் பாதிரியாருக்குத் தெரியும் முன்பே ஜாடிக்குத் தெரிந்துவிடும். பெட்டியை ஊருக்கு அனுப்பப் பாதிப் பணம் தூதரகம் தரும், பாதி ஜாடி தரும். உயிரோடு இருக்கும்போது ஒரு நாள் கூலி கடன் தராதவன்கூட ஜாடியில் போடுவான். ஜாடி நிறைந்தால் செத்தவன் நல்லவன் என்று பொருள். ஒனேலுடையது நிறைந்து, இரண்டாவது ஜாடி வைத்தேன். அதை உன்னிடம் பெருமையாகச் சொல்லலாம் என்றிருந்தேன்.

உங்கள் தூதரகம் ஒன்றும் தராது என்று கஸ்துலோ சொன்னதால் விமானக் கம்பெனியில்கூட நானே விசாரித்துவிட்டேன். அவன் ஊருக்குப் போக விரும்புவானா என்று யாரையும் கேட்கவில்லை. எங்களில் யாரும் அதைக் கேட்பதில்லை.

ஆயிரத்து நூற்றுப் பதினான்கு டாலர் என்னிடம் இருக்கிறது. எங்கே அனுப்ப?

ஹசிந்தா


மயாமி
1997 ஏப்ரல் 6

திருமதி ஹசிந்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

என் தம்பியின் அடக்கம் மார்ச் 22 அன்று முறைப்படி நடந்தது. வெள்ளைக் கார், நான்கு பேர் வாத்தியம், எண்பது பேர் கறுப்புடையில். செலவு முழுவதும் என்னுடையது. கடனை மூன்று வருடத்தில் கட்டிவிடுவேன்.

நீங்கள் கேட்காததற்கும் பதில் சொல்கிறேன். "ஊருக்கு அனுப்பி வைப்போம்." இதே வாக்கியத்தை ஒலிபெருக்கியில் கேட்டவள் நான். நடுக்கடலில், கடற்காவல் கப்பலிலிருந்து, எங்களுக்கு முன்னால் போன படகைப் பார்த்துச் சொன்னார்கள். அந்தப் படகில் இருந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எந்த ஊரிலிருந்து அவனைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தேனோ, அதற்கே பெட்டியில் வைத்து அனுப்ப நீங்கள் இருநூறு பேரிடம் கையேந்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஊர் என்றால் அம்மா இருக்கும் இடம். எங்களுக்கு அது தண்டனை.

அன்று என்னைக் காரில் அழைத்து வந்தது மதாம் கிளெர்வில். அந்தப் படத்தை அவளும் பார்த்தாள். கிழிந்த தொப்பி, தோளில் வாளி, வாயெல்லாம் சிரிப்பு. உங்களுக்கு வேறு படம் கிடைக்கவில்லையா? மயாமி வந்ததும் அவள், "வாளி தூக்குற மேற்பார்வையாளர நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

பணத்தைப் போட்டவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரிடமும்.

இஸ்மேனி டோர்வில்


இம்மோகலி
1997 மே 11

அன்புள்ள கோமாத்ரே,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். யாரைச் சொல்கிறாய் என்று ஒரு நிமிடம் தெரியவில்லை.

நான் செய்தது தப்பு. வழக்கம் என் பக்கம் இருந்தது என்பதால் தப்பு குறைந்துவிடாது. நான் முதலில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். உன் தம்பியை நான் என் ஊர்க்காரனாகவே நினைத்துவிட்டேன். அதில் அன்பும் இருந்தது, அகம்பாவமும் இருந்தது. எது எவ்வளவு என்று அந்தப் பல்கலைக்கழக அம்மாள் வந்தால்தான் அளக்க முடியும்.

நீ சொன்னபடி திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். எங்கள் வழக்கப்படி போட்டவர்கள் பெயரை நோட்டில் எழுதியிருந்தேன். முதல் வீட்டில் தெக்லா கதவைச் சாத்திவிட்டாள். ஜன்னல் வழியாக, "செத்தவன் காசைத் திருப்பி வாங்குனா வெளங்குமா? உனக்குப் பைத்தியமா?" என்றாள். அடுத்த வீட்டு ஃபவுஸ்தோ, "ஏன், ஒனேல் எழுந்து வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி அழுதான். உங்கள் ஆட்களும் பதினோரு பேர் போட்டிருந்தார்கள். கடை சாத்தும் நேரத்தில் வந்து, ஒரு சோடா வாங்கி, நான் திரும்பிய சமயம் பார்த்துப் போட்டார்கள். அவர்களும் இப்போது, "நாங்க போடவே இல்லையே" என்கிறார்கள். மீதிப் பேர் அறுவடையோடு வடக்கே போய்விட்டார்கள். ஒரு டாலரைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை. இந்த ஊரில் பணத்தை வாங்குவது கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

ஒனேலுக்காக ஒன்பது நாள் மாலை செபம் நம் வீட்டில் நடந்தது. உனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் ஒன்பது நாள்தான் என்று ஒனேல் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அதையாவது கேட்டு வைத்திருந்தேன்.

அவனை எங்கே அடக்கம் செய்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பவர்களிடம் மயாமி என்கிறேன். "மயாமில எங்க?" என்கிறார்கள்.

எலியாஸுக்கு இன்று புதுநன்மை. உன் நாற்காலியை எடுக்க விடமாட்டேன் என்றான்.

ஹசிந்தா


இம்மோகலி
1997 ஜூலை 6

அன்புள்ள கோமாத்ரே,

பதில் இல்லை. பரவாயில்லை.

ஒரு காரியம் செய்துவிட்டேன். இந்த முறையும் உன்னைக் கேட்கவில்லை, கேட்க நேரம் இல்லை. மெக்சிகோவில் சியாப்பாஸிலிருந்து வந்து நான்கு மாதமான அமாதோர் என்பவன், தர்பூசணி வயலில் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்துபோனான். ஊரில் ஆள் இல்லாத மாதம். ஜாடியில் மூன்று நாளில் அறுபது டாலர். அவன் அம்மா, ஒரே மகன் என்று போனில் கதறினாள். ஒனேலின் பணத்தை எடுத்து அதில் போட்டேன். தூதரகப் பணத்தோடு சரியாக இருந்தது. அமாதோர் ஊருக்குப் போய்விட்டான். அவன் போக விரும்பினானா என்று இந்த முறை அவன் அறையில் இருந்தவர்களைக் கேட்டேன். விரும்பினானாம்.

நீ திட்டினால் அதையாவது எழுது.

ஹசிந்தா


இம்மோகலி
1997 செப்டம்பர் 14

அன்புள்ள கோமாத்ரே,

இது உன்னைத் தொந்தரவு செய்ய அல்ல. எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி வந்திருக்கிறது. சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

பெட்டியோடு, ஜாடியில் பணம் போட்டவர்கள் பட்டியலையும் அனுப்புவோம். அதில் முதல் பெயராக, "ஒனேல் டோர்வில், 1114 டாலர்" என்று எழுதியிருந்தேன். பணம் அவனுடையது, வேறு எப்படி எழுத? இப்போது அமாதோரின் அம்மா பெர்ஃபெக்தா, பள்ளிக்கூட வாத்தியாரை விட்டுக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவள் சொன்னதை அவர் அப்படியே எழுதியிருக்கிறார்:

"இந்த ஒனேல் ஐயா யாருன்னு தெரியல. பேரு நம்மூர்ப் பேரு மாதிரி இல்ல. முதலாளியா? எம்மவனுக்குப் பழக்கமா? முன்னப் பின்ன தெரியாத புள்ளைக்கு இம்புட்டுக் குடுத்திருக்காரே. அவர் பேருக்குத் தினம் ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன், நூறு வருஷம் நல்லா இருக்கணும்னு. எம்புள்ளைக்கு வந்தது அவருக்கு வந்துரக் கூடாது. சுகமா இருக்காரான்னு மட்டும் ஒரு வரி போடச் சொல்லுங்க."

மூன்று முறை பேனாவை எடுத்தேன். இறந்துவிட்டான் என்று எழுதினால் அந்தக் கிழவி இன்னொரு பிள்ளைக்கும் அழ வேண்டும். உயிரோடு இருக்கிறான் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அவன் விஷயத்தில் இனி உன்னைக் கேட்காமல் ஒரு வாக்கியமும் எழுத மாட்டேன்.

என்ன எழுதட்டும்?

ஹசிந்தா


மயாமி
1997 அக்டோபர் 5

ஹசிந்தா,

அந்த அம்மாவுக்கு எழுது: ஒனேல் சுகமாக இருக்கிறான். முதலாளி அல்ல, தக்காளி பறிப்பவன். அவள் மகனை அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பான். மெழுகுவர்த்தியை நிறுத்த வேண்டாம்.

யாராவது கேட்டால் சொல்: வடக்குக் கல்லறைத் தோட்டம், கிழக்கு வாசல், பதினான்காம் வரிசையில் கடைசி. கல் இன்னும் வைக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த எண்பது பேரில் அவனைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எனக்கு இனி எழுதாதே. கோபம் போய்விட்டது, துக்கம் மட்டும் மிச்சம், அதனால்தான் சொல்கிறேன். கோபம் இருந்தவரை உன் கடிதங்களைப் படிக்க முடிந்தது.

இஸ்மேனி