பெரிய வியாழன் கதையில் என் பங்கு

க்ளீவ்லாந்து
நவம்பர் 12

அன்பு மகள் தலீதாவுக்கு,

கர்த்தரின் தயவில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், சியாட்டில் மழையிலும் அவர் உன்னைக் காய்ச்சல் இல்லாமல் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து திங்கள் முதல் மறுபடியும் பஸ் ஓட்டுகிறார். சபையில் ஹீட்டர் ஒருவழியாகச் சரியாயிற்று, ஆனால் பாடகர் குழு வேர்த்துக் கொட்ட, பிரசங்க மேடையில் நான் நடுங்குகிறேன். "பாஸ்டருக்குக் குளிர்ந்தாத்தான் பிரசங்கம் சீக்கிரம் முடியும், யாரும் அதைத் தொடாதீங்க" என்று சிஸ்டர் வெர்னெட்டா மூப்பர்களிடம் சொல்லியிருக்கிறார். நன்றி கூறும் பண்டிகைக்கு நீ வந்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பைத் தானே செய்வதாக அப்பா சொல்கிறார், அதனால் யோசித்து முடிவு செய்.

போன மாதம் நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. நம் கறுப்பர் சபையும் வெள்ளையர் சபையும் முதன்முதலாகச் சேர்ந்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவ நடத்திய பெரிய வியாழன் ஆராதனையில், உன் பாதங்களைக் கழுவ வேண்டிய பெண்மணி உன்னைப் பார்த்ததும் வேறு வரிசைக்குப் போய்விட, பத்து வயதில் நீ காலுறையைக் கழற்றிவிட்டுக் கடைசி வரை காத்திருந்ததை நான் ஊர் ஊராகச் சொல்லிவருகிறேன். அதை இணையத்தில் கேட்டுவிட்டு, "அம்மா, நான் அந்த நாற்காலிய விட்டு எழுந்து பன்னிரண்டு வருஷமாச்சு. நீங்கதான் இன்னும் என்னை அங்கேயே உட்கார வச்சிருக்கீங்க" என்றாய். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதைக் கேட்டு எத்தனை பேர் மனம் மாறியிருக்கிறார்கள் என்று அப்பாவிடம் வாதாடினேன். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே, "மாறினவங்க யாராவது அவகிட்ட ஒரு வார்த்தை பேசினாங்களா, பாஸ்டரம்மா?" என்று கேட்டார்.

சென்ற ஞாயிறு புறநகர்ச் சபை ஒன்றில் விசுவாசத்தையும் இனத்தையும் பற்றிப் பேசப் போனேன். என் புதுப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் என்பதால் அந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. அங்கே ஆமென்கூட மனதுக்குள்தான் சொல்வார்கள். என்னோடு வந்திருந்த வெர்னெட்டா மூன்றாம் வரிசையிலிருந்து, "உதவி பண்ணும் ஆண்டவரே!" என்று கத்தினார். நம் சபையில் பிரசங்கி தடுமாறும்போது எழும் குரல் அது, கேட்டாலே எனக்கு முகம் சுருங்கும். அன்று தேவையாக இருந்தது. பிறகு என் பங்கைச் சொன்னேன். உன் முன்னால் யாரும் மண்டியிடவில்லை என்பதை மேடையிலிருந்து பார்த்தேன் தலீதா. இறங்கி வந்து நானே கழுவியிருக்கலாம். பத்திரிகைப் போட்டோக்காரர் வந்திருந்தார், அந்த நாள் கெட்டுவிடக் கூடாது என்று அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தேன். இத்தனை வருடமும் அந்தப் பெண்மணியைத்தான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். யாரும் அழவில்லை. திரும்பி வரும்போது வெர்னெட்டா, "இன்னிக்கு ஒரு கைக்குட்டைகூட வெளிய வரல பாஸ்டர். ஆனா எனக்கு உங்கள இன்னிக்குத்தான் பிடிச்சது" என்றார்.

பழைய அத்தியாயத்தைப் பதிப்பகத்திடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். ஞாயிறு பேசியதை நான்கு பக்கமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதிலும் நீ வருகிறாய், நீ இல்லாமல் என் தவறைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கும் உன்னைக் கேட்காமல்தான் பேசினேன். பழக்கம் சீக்கிரம் போகவில்லை, மன்னித்துக்கொள். வேண்டாததைப் பேனாவால் அடித்துவிடு. நான்கு பக்கத்தையும் அடித்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

நீ நடக்கிற தெருவெல்லாம் ஆண்டவர் உன் கூடவே நடக்கட்டும், உன் வேலையும் உறக்கமும் சுகமாக இருக்கட்டும். தடித்த குளிர்கோட்டை மறக்காமல் போட்டுக்கொள். தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது, அவசரமில்லை. நீ சொல்லும்வரை அச்சுக்குப் போகாது என்று பதிப்பகத்தாருக்கு எழுதிவிட்டேன். யாரைக் கேட்க வேண்டும் என்றார்கள். அந்தக் கதைக்குச் சொந்தக்காரியை என்று சொன்னேன்.

உன் அம்மா,
டெல்ஃபின்