ஓசோனைக் காப்பாற்றப் போய்

ஏப்ரல் 2

காலை ஏழுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிரஸ்ஸில் ஏ.சி. மெஷினுக்கு மட்டும். முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டு விட்டார். போன வாரக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறிப் போன விவகாரம். புரூப் பார்த்தது நான்.

"இனி ஒரு புரூப் தப்பாப் போச்சுன்னா, பைண்டிங்குக்குப் போயிருங்க."

பைண்டிங் இன்சார்ஜ் யார்? என் மனைவி ராஜாத்தி. வீட்டில் அவள் சொல்வதுதான். ஆபீஸிலுமா? செத்தேன்.

மத்தியானம் சென்னை ஆர்டர். பெட்ரோல் பங்குகளில் கொடுக்க நோட்டீஸ். கோடைக்கு, எளிதில் ஆவியாகாத சுத்தமான பெட்ரோல் கேட்போம். வெயில் தாழ்ந்து டேங்க் நிரப்புவோம். வழிய வழிய ஊற்ற மாட்டோம். எல்லாம் சரி. கடைசி வரி: "ஓசோனைக் குறைப்போம்." என்ன படித்தார்களோ. ஓசோன் பூமிக்குக் குடை, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். "காப்போம்" என்று திருத்தினேன். யாரையும் கேட்கவில்லை. இதைக்கூடவா கேட்பது.

ஏப்ரல் 4

முழு லோடும் அடித்தாயிற்று. மாதிரியை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்த மேடம் போன்.

"சார், குறைப்போம்னுதானே எழுதியிருந்தோம்?"

குடை விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது மேலே வானத்துல, சார். கீழே பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையும் வெயில்ல சேர்ந்தா தெருவிலேயே ஓசோன் உண்டாகும். மூச்சுக்குக் கெடுதல். அதுக்குத்தான் கோடைக்குன்னு தனிப் பெட்ரோல்."

மறுபடி அடித்துத் தருகிறேன் என்று போனை வைத்தேன்.

நல்லவேளை, அண்ணாச்சி திருச்செந்தூரில். மெஷின்காரர் பாண்டியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சரியாக மறுபடி அடித்தாயிற்று. தப்பு நோட்டீஸெல்லாம் மூட்டை கட்டி நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்கு, வெடிக்குக் குழாய் சுருட்ட. வெடித்துவிட்டால் சாட்சி ஏது.

பாண்டியைத் தவிர ராஜாத்திக்கு மட்டும் தெரியும். "அண்ணாச்சிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

சொல்வதாவது.

ஏப்ரல் 5

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், கொசுவர்த்தி, சிவப்பு மை. வழியில் பங்க். உச்சி வெயில். முன்னால் நின்றவர் பைக்கை ஆட்டி ஆட்டி விளிம்பு வரை ஊற்றச் சொல்கிறார். டேங்க் வாயில் ஆவி நெளிகிறது. என் வாய் சும்மா இருக்குமா.

"போதும்யா, ஓசோன் வரும்."

"வரட்டும். வந்தா உம்ம வண்டில பின்னால ஏத்திக்கிட்டுப் போம்யா."

பங்கே சிரித்தது. எனக்குக் கோபம்தான். ஆனால் நேற்று வரை நானும் இவர் கட்சி.

மே 6

அம்மன் கோயில் பொங்கல். அண்ணாச்சி உபயம், தெரு நீளத்துக்குச் சரவெடி. காது அடைத்தது. புகை விலகியதும் எங்கு பார்த்தாலும் காகிதம். செருப்பில் ஒட்டிய பாதி கருகிய தாளை எடுத்து, அண்ணாச்சி கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"ஓசோனைக் காப்போம். கீழ நம்ம பிரஸ் பேரு. இத எப்பய்யா அடிச்சோம்?"

இன்னொன்றை எடுத்தார். அதிலும் காப்போம். ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு. பாவி.

வேறு வழி? அங்கேயே, அம்மன் முன்னாலேயே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மே 7

பைண்டிங். முதல் நாள். மின்விசிறி தள்ளி இருக்கிறது. ராஜாத்தி மேசையிலிருந்து நிமிரவே இல்லை.

"லேட்டு. அங்கன உக்காந்து பசையத் தொடுங்க. எதையும் திருத்தாதீக."