உன் அம்மாவின் புள்ளி பீன்ஸ்

அன்பு மகள் ஜாசிந்தாவுக்கு, முசான்சே மலையிலிருந்து சின்னம்மா எழுதுவது. மாதா கிருபையில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், பெல்ஜியத்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஜெபமாலையில் உன் பெயரைச் சொல்லாத நாளில்லை. மாடு கன்று போட்டிருக்கிறது, உன் சித்தப்பாவுக்கு முட்டிவலி, கோவில் கூரை இன்னும் ஒழுகுகிறது.

விதை சங்கதிக்கு வருகிறேன். நிறையக் காய்க்கும் சிவப்பு பீன்ஸையும் அங்கே விதைக் காப்பகத்தில் மிஞ்சியிருந்த உன் அம்மாவின் புள்ளி பீன்ஸையும் நீ இனம் சேர்த்து அனுப்பினாயே, முதல் விதைப்பில் எல்லாமே சிவப்பு, கொம்பு சாய்கிற அளவுக்குக் காய். அக்கா தோற்றுப்போனாள் என்றுதான் நினைத்தேன். அந்தச் சிவப்பு விதையைத்தான் இந்த முறையும் போட்டேன், பல விதைகளைக் கலந்து விதைக்கிற நம் ருவாண்டாப் பெண்களின் கையை உனக்காக அடக்கிக்கொண்டேன். இப்போது காயை உடைத்தால் சில செடிகளில் உள்ளே அவள். அதே வெள்ளை, அதே கறுப்புப் புள்ளி, காய் கொஞ்சம்தான், விதை பருமன். வேரழுகல் வந்து இந்த மலையிலேயே அற்றுப்போன பீன்ஸ் மகளே, உன் அம்மாவைப் புதைத்த அதே மழைக்காலத்தில். பக்கத்து வீட்டு நிராபகென்சி எட்டிப் பார்த்துவிட்டு, ஏண்டி, உங்க அக்கா பசியோட வந்து நிக்கிறா, ஒரு குவளை சோளக்கள் ஊத்தாம ஜெபமாலைய உருட்டுறியே, அதையா குடிப்பா என்று சிரிக்கிறாள். போடி, சாமியார் காதுல விழுந்தா பூசையில உனக்கு நன்மை அப்பம் குடுக்கமாட்டார்னு விரட்டினேன். ஆனாலும் சாயங்காலக் காற்றில் அந்தக் காய்ந்த காய்கள் சலசலத்தால் அவள் உட்கார்ந்து உரிக்கிற மாதிரியே இருக்கிறது, கதவைச் சாத்திவிடுகிறேன்.

நீயோ, குறைவாகக் காய்க்கிறதை எல்லாம் பிடுங்கிவிடு, விவசாய அதிகாரி பார்க்க வருவார் என்று எழுதியிருக்கிறாய். சிவப்புச் செடிக்குள்ளும் அந்தக் குணம் ஒளிந்திருக்கலாம், ஏழெட்டு விதைப்பு இப்படிப் பிடுங்கினால் பிறகு வரவே வராது என்றும் எழுதியிருக்கிறாய். நீ குணம் என்று எழுதினாய், நான் அவள் என்று படித்தேன். காய் கூடினால் இங்கே பிள்ளைகள் வயிறு நிறையும், எனக்கும் புரிகிறது. அதனால் ஜெபம் சொல்லிக்கொண்டே பிடுங்கினேன். ஒன்று மட்டும் நிற்கிறது, தண்டைப் பிடித்தேன், முடியவில்லை. அவள் முகம் நினைவில் தங்குகிற வயசு உனக்கு அன்று இல்லை, எனக்கு இருந்தது. அதையும் பிடுங்க வேண்டுமானால் பெற்ற மகள் நீ உன் கையால் எழுது, செய்கிறேன்.

ஞாயிறு பூசையை விடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அதிகாரி வருமுன் பதில் போடு, அதுவரை அந்தச் செடிப் பக்கம் நான் தனியாகப் போகமாட்டேன். மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த சின்னம்மா,
எவுப்ராசி