சிப்பிக்குள் ஒரே முத்து

தூத்துக்குடி,
12-8-1974

அன்புள்ள ரெமி,

நீ கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டு ஹார்பர் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. இன்றுதான் எழுதத் துணிந்தேன்.

குவாண்டம் கருத்தரங்கில் நீ பேசியதை நேற்று வகுப்பில் அப்படியே சொன்னேன். அளப்பதற்கு முன்பே எலெக்ட்ரானுக்கு இடம் உண்டு, சிப்பியைத் திறக்கும் முன்பே உள்ளே முத்து இருப்பதுபோல என்பது ஒரு விளக்கம். திறக்கும்வரை முத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது மற்றது. "ரெண்டு பேரு கையிலயும் வாரது ஒரே முத்துதாம்ல" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாயே, அதையும் சொன்னேன். உன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அன்று துறைத்தலைவர், "முத்துக் குளிக்கிறவன் வீட்டு பிசிக்ஸ்" என்றதும் முதலில் சிரித்தவன் நான். உன் அப்பா கடலில் முங்கும்போது வள்ளத்தில் நின்று, அவரை மேலே இழுக்கும் கயிற்றைப் பிடித்தவர் என் அப்பா. அந்த அறையில் அது உனக்கு மட்டும்தான் தெரியும். நீ சொல்லவில்லை.

வேலை போய்விடுமோ என்று பயந்து சிரித்தேன் என்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். என் வீட்டுத் தொழில் தெரிந்துவிடும் என்ற கூச்சம் என்று இன்னொன்று. எதை எடுத்தாலும் விடை ஒன்றுதான்: கயிற்றை விட்டவன் நான்.

இப்படிக்கு,
அன்று உன் பக்கத்து நாற்காலியில் இருந்தவன்