சோளப் பொம்மை

என் முரட்டு மனிதருக்கு,

இத்தாலியில் ஆரஞ்சு பறித்துப் பறித்து வந்த தோள்வலி இப்போது தேவலையா?

மழை வேண்டிப் பிள்ளைகள் களிமண் பொம்மை புதைத்து அழும் நாள் நேற்று. குளத்துக் களிமண் பொடியாகிவிட்டதென்று நம் இலிங்கா மக்காச்சோள மாவில் பொம்மை பிசைந்து புதைத்துவிட்டாள்.

"அடிப்பாவி, சாப்பாட்டையா புதைச்சே?" என்று கத்தினேன்.

"அப்பா விதைக்குன்னு பரண்ல கட்டின கதிரை நீ மட்டும் அரைக்கலாமாக்கும்!" என்றாள்.

பிறகு இருவருமாகத் தோண்டியெடுத்து, மண்ணைத் தட்டி, சுட்டுத் தின்றோம். தலை அவளுக்கு, கால் எனக்கு.

"மழை கோவிச்சுக்குமாம்மா?"

"மூணு வருஷமா வராத மழைமேல நாமதான்டி கோவிச்சுக்கணும்."

சிரித்துவிட்டாள்.

மழை விழுந்ததும் விதைக்க ஓடி வருவேன் என்று எழுதியிருந்தீர்கள். விதைக்க அவசரமில்லை. எங்களைப் பார்க்க வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி