குளம்பைக் காட்டுங்கோ

இஞ்சேருங்கோ,

இன்று காலை உங்கள் மேசையில் இருக்கும் குதிரைக் குளம்பை ஈரத்துணியால் துடைத்தேன். உடனே அந்த மணம் எழும்பிவிட்டது, நனைந்த பழைய தோல் செருப்பு மாதிரி. வெஸ்ட்மீட்டில் வேறெந்தத் தமிழ் வீட்டிலும் இப்படியொரு சாமான் இராது.

வேலையால் ஓய்ந்த பிறகு உங்களுக்குப் பிடித்த பைத்தியம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாட்டுக் குதிரைகளைக் கப்பலேற்றி மதராசுக்கு அனுப்பினார்களாம், அங்கே வெள்ளைக்காரப் பட்டாளம் வாங்கியதாம். சாப்பாட்டுக்கு இருந்தாலே தொடங்கிவிடுவீர்கள். பரமட்டாப் பக்கம் ஒரு சந்தையில், குளம்புக்குப் பித்தளை மூடி போட்டு மைக்கூடாக்கிய இதை, பட்டாளத்துக் குதிரையுடையது என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"கள்ளச் சாமான்," என்றேன். "ஆமிக் குதிரையெண்டா அடையாளம் எங்க?"

"வளர்த்தவன் தோளில குறி சுடுவான். ஆமி குளம்பில இலக்கம் சுடும். குளம்பு நகம்தானே, வளர வளர இலக்கம் கீழ இறங்கி அழிஞ்சுபோகும். திரும்பச் சுடவேணும்."

வசதியான பதில். விடுவேனா? அடியைக் காட்டச் சொன்னேன். நீங்கள் கவிழ்க்க, அது கைநழுவி உங்கள் வலது பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்துப்போயிற்று.

அதற்குப் பிறகும் பேச்சு நின்றதா? உங்களுக்குக் குனிய ஏலாது. குசினிக் கதிரையில் இருத்தி, காலை என் மடியில் வைத்து, நான்தான் நகம் வெட்டுவேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கறுப்பு கொஞ்சம் முன்னுக்கு வந்திருக்கும். "பாரும், என்ர இலக்கம் அழியப்போகுது," என்று சிரிப்பீர்கள். குதிரை செத்தால் இலக்கம் சுட்ட குளம்பை வெட்டிக் கொண்டுவந்து காட்டவேண்டுமாம். இல்லாவிட்டால் விற்றுப்போட்டுச் செத்துப்போச்சு என்று சொல்லிவிடுவார்களாம். "ஆமிக்கும் உம்மட குணம்தான்," என்றீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. மூளையுள்ள ஆமி என்றுதான் நினைத்தேன்.

பிறகு மெல்பேர்ன் பக்கம் ரோவிலுக்கு, உங்கள் தம்பி வீட்டுக்குப் போனீர்கள். "போட்டு வாறன்" என்றீர்கள். சில நாளில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பிள்ளை எடுத்து, மெல்பேர்ன் ஆஸ்பத்திரி என்று இங்கிலிஷில் தொடங்கினாள். கட் பண்ணினேன். பாங்க் என்றும் டக்ஸ் ஒபிஸ் என்றும் எத்தனை கள்ளர் எடுக்கிறார்கள்! திரும்ப எடுத்தாள், திரும்ப வைத்தேன். கடைசியில் உங்கள் தம்பி அழுதுகொண்டு எடுத்தார். "அண்ணி, அண்ணா எங்களை விட்டுட்டுப் போட்டார்."

அப்போதும் நம்பவில்லை. இந்தக் காலத்தில் குரலையும் கொம்பியூட்டர் செய்கிறதே. "உங்கட அம்மான்ர பேர் என்ன, சொல்லுங்கோ பாப்பம்," என்றேன். பாவம், சொல்லிவிட்டு இன்னும் பெரிதாக அழுதார்.

மெல்பேர்னுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். நீங்கள் இவ்வளவு நேரம் வாய் மூடி இருந்து நான் கண்டதில்லை. "இது அவரில்லை," என்றேன். தம்பி என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

"காலைக் காட்டுங்கோ. வலது கால்."

நகத்தின் நுனியில் அந்தக் கறுப்பு, மெல்லிய விளிம்பாக. நீங்கள் திரும்பி வந்திருந்தால் அடுத்த முறை வெட்டி எறிந்திருப்பேன். அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். பிறகு கைப்பையில் இருந்த நகவெட்டியை எடுத்தேன். ஏதோ சடங்கு என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் மறிக்கவில்லை.

அந்தத் துண்டு இந்தப் பித்தளை மூடிக்குள் இருக்கிறது. இன்றும் திறந்து பார்த்தேன். ஆமிக்காரன் குளம்பைக் கண்டதும் நம்பியிருப்பான். நான் அவனிலும் மோசம். பின்னேரம் ரெயிலால் இறங்கி ஆட்கள் வருகிற நேரம், வெளியில் செருப்புச் சத்தம் கேட்டால், இப்போதும் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்து கதிரையில் இருக்கிறேன்.